டீச்சர், நீங்க மதம் மாறிட்டீங்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருக்கிறவர்கள் ராத்திரி படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் போட்ட படத்தை நிறைய பேர் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரைத் தோப்பில், ஒரு சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சிலுவையின் நடுவில் ஓம். என் நெற்றியில் குங்குமம். அதன் கீழே 1997-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க மதம் மாறிட்டீங்களா?" என்று கேட்டிருந்தான். அடுத்த அரைமணி நேரத்தில் என் பிறந்த வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண், "பெரியம்மா, என்ன பொட்டெல்லாம்? மாறிட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள். ஒரே கேள்வி. அவனுக்கு நான் இந்து, இவளுக்கு நான் கிறிஸ்தவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் மாணவர்களுக்கு. உங்களுக்கு நான் ஜெயா டீச்சர். ஸ்ரீரங்கத்தில் 36 வருஷம் ஒரே உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தேன். என் முழுப்பெயர் ஜெயமேரி. வருகைப் பதிவேட்டில், சம்பளப் பட்டியலில், பணிப் பதிவேட்டில் எல்லாம் அதுதான் இருக்கும். ஆனால் 1981-ல் வேலையில் சேர்ந்த முதல் வாரம், தலைமையாசிரியை அம்மா ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "பிள்ளைங்க கூப்பிட சௌகரியமா ஜெயான்னு வச்சுக்குவோம்மா." நானும் தலையாட்டிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே அது சௌகரியமாகத்தான் இருந்தது. வாடகைக்கு வீடு தேடும்போது இன்னும் சௌகரியமாக இருந்தது.

லால்குடி பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பா உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லிக்கொடுப்பார், ஞானோபதேசம் நடத்துவார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். அப்பாவுக்கு லத்தீன் மந்திரங்கள் மனப்பாடம். அர்த்தம் தெரியாது, உச்சரிப்பு பிசகாது. ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் கோயிலின் இடது பக்கச் சிறகில்தான் உட்கார வேண்டும். நடுக்கூடம் மேலத்தெருவுக்கு. பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் உண்டு, அதுவும் எங்களுக்காகத்தான். உபதேசியார் மகள் என்றாலும் வாசல் அதே வாசல்தான். உறவுகளே, இதை இங்கே எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் எழுதாததுதான் மிச்சம்.

ஆசிரியர் பயிற்சி முடித்து (அந்த ரெண்டு வருஷம் விடுதிச் சாப்பாடு பற்றி ஒரு தனிப்பதிவே எழுதலாம்) வேலைக்கு வந்து நாலு வருஷத்தில் சாரைப் பார்த்தேன். வேறு பள்ளியில் தமிழாசிரியர். மாவட்ட அளவில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் பழக்கம். அவர் வேறு மதம், வேறு சாதி. கல்யாணமான பிறகும் எனக்கு அவர் "சார்"தான். கடைசி வரைக்கும் பெயர் சொல்லியோ, "என்னங்க" என்றோ கூப்பிட வாய் வரவில்லை.

1985-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். கோயிலில் ஓலை வாசிக்காத கல்யாணம். சபைச் சட்டப்படி அது கல்யாணமே இல்லை. அதனால் நன்மை வாங்க முடியாது. அப்போது நான் போய்வந்த பங்கின் சாமியாரிடம் போய், சீர்படுத்த வழி உண்டா என்று கேட்டேன். வழி உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வேற்று மதத்தவரை மணக்க ஆயரிடம் அனுமதி வாங்கலாம், அவர் ஞானஸ்நானம் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில், "அந்த ஆளைக் கூட்டிட்டு வா, முதல்ல தண்ணி ஊத்துவோம்" என்பதுதான். வீட்டுக்கு வந்து சாரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. தன் அம்மாவை அழவைத்துவிட்டு என்னிடம் வந்தவரிடம், சாமியையும் விட்டுவிட்டு வா என்று எப்படிக் கேட்பது?

அதோடு கோயில் போயிற்று. அவர் பக்கத்துக் கோயில் எனக்கு வரவில்லை. ரங்கநாதர் கோபுரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு நடப்பேன். 1987-ல் ராஜகோபுரம் எழும்பி கும்பாபிஷேகம் நடந்தபோது பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டியதும் நான்தான். கூட்டிப்போவேன், வாசலில் செருப்புகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், "டீச்சர் ஏன் உள்ள வரலை?" என்று கேட்பீர்கள். முட்டி வலி என்பேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயசு.

ஒவ்வொரு ஜூன் மாதமும் சேர்க்கைப் பதிவேட்டில் மதம் என்ற கட்டத்தை எத்தனை பிள்ளைகளுக்கு நிரப்பியிருப்பேன்! என் மகளுக்கு நிரப்ப வேண்டிய ஜூனில், அந்தப் பதிவேட்டைச் சக ஆசிரியையிடம் தள்ளிவிட்டேன். சார் "இந்து" என்று சொல்லி எழுதவைத்தார். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஏதாவது ஒன்றை எழுதித்தானே ஆக வேண்டும்.

சாந்திவனத்துக்கு முதலில் என்னைக் கூட்டிப்போனது அவர்தான். 1988 என்று நினைவு, மகள் கைக்குழந்தை. சாருக்குத் திருப்பராய்த்துறை ராமகிருஷ்ண தபோவனத்தின் புத்தகங்கள் என்றால் உயிர். சித்பவானந்தரின் கீதை விளக்கம் எங்கள் வீட்டில் அட்டை கிழிந்து கிடக்கும். அங்கே போய்விட்டுத் திரும்பாமல், கரூர் பஸ்ஸைப் பிடித்து இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றார். "உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு கோயிலைக் கட்டி வச்சிருக்காங்களாம், வா பார்த்துட்டு வரலாம்."

குளித்தலைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர்ப்பள்ளி. ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கமாக உள்ளே போனால் தோப்பு. அதற்குள் ஒரு சின்னக் கோயில், கோபுரத்தோடு. மேலே மூன்று முகம் கொண்ட உருவம். சார் அண்ணாந்து பார்த்து, "மும்மூர்த்தியா?" என்றார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்றேன். "ரெண்டுக்கும் மூணுதான் கணக்கா, பரவாயில்லை" என்றார். விமானத்தில் இயேசு பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கருவறை மாதிரியே இருட்டு, ஒரு விளக்கு. தரையில்தான் உட்கார வேண்டும். இடது சிறகு, வலது சிறகு எதுவும் இல்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

காவி வேட்டியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வராந்தாவில் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பீட் கிரிஃபித்ஸ் என்று சார் காதில் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் பயம். கிட்டே போகாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். இன்றைக்கு நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1993 மே மாதம் அவர் அங்கேயே காலமானார். சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

அந்த இடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வரலாறு பாடம் எடுத்து நாளாயிற்று. பிரான்சிலிருந்து 1939-ல் ஜூல் மோன்சனென் என்ற குரு இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் குளித்தலைப் பக்கத்துக் கிராமப் பங்குகளில் வேலை பார்த்தார். 1948-ல் இன்னொரு பிரெஞ்சுத் துறவி, ஆன்றி லெ சோ, வந்து சேர்ந்தார். திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா ஆண்டகை அனுமதி தந்தார். 1949 தொடக்கத்தில் லெ சோ திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைத் தரிசித்துவிட்டு வந்தார். 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்ட் திருநாளில், இரண்டு பேரும் காவி உடுத்தி இந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சச்சிதானந்த ஆசிரமம் என்று பெயர். சத், சித், ஆனந்தம் என்ற மூன்றையும் திரித்துவத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். மோன்சனென் பரம அரூபி ஆனந்தம் ஆனார், லெ சோ அபிஷிக்தானந்தா ஆனார். வத்திக்கான் சங்கம் கூடுவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இது. பூசையே லத்தீனில் நடந்த காலம்.

ஆள் சேரவில்லை. சீடர்கள் வந்து நிற்கவில்லை. மோன்சனென் 1957-ல் வைத்தியத்துக்குப் போன பாரீசிலேயே இறந்துபோனார். லெ சோ 1968-ல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். அந்த வருஷம்தான் பீட் கிரிஃபித்ஸ் கேரளத்திலிருந்து வந்து பொறுப்பேற்றார். உலகமெங்கும் பெயர் தெரிந்தது அவர் காலத்தில்தான். 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டு, தரையில் உட்காருவது, கைகூப்புவது, ஆரத்தி எடுப்பது முதலான பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோம் அனுமதி கொடுத்தது. இன்று நம் ஊர்க் கோயில்களில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்களே, அதற்கெல்லாம் பின்னால் இப்படிச் சிலருடைய தனிமை இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அப்பா 1994-ல் இறந்தார். அடக்கப் பூசையில் என் தம்பி தங்கைகள் எல்லோரும் எழுந்து போய் நன்மை வாங்கினார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உபதேசியாரின் மூத்த மகள் எழுந்து போகாததை ஊரே பார்த்தது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம்.

சாருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போயிற்று. மூன்று வருஷம் டயாலிசிஸ். 2014 அக்டோபரில் போய்விட்டார். கொழுந்தனார் மகன்தான் கொள்ளி வைத்தான். அம்மா மண்டபத்தில் அஸ்தி கரைத்தார்கள். நான் படித்துறையில் மேல்படியில் நின்றேன். பத்தாம் நாள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செய்தவர்கள் என்மேல் கோபத்தில் செய்யவில்லை, முறை என்று செய்தார்கள். முப்பது வருஷமாக நான் வைத்துக்கொண்டிருந்த பொட்டு அன்றைக்குப் போயிற்று. எங்கள் கிராமத்தில் கிறிஸ்தவப் பெண்களும் பொட்டு வைப்பார்கள், பூ வைப்பார்கள். எனக்கு அது மதம் சம்பந்தப்பட்ட சங்கதியாகத் தோன்றியதே இல்லை.

வருஷா வருஷம் திதி கொழுந்தனார் வீட்டில். "அண்ணி, நீங்க எதுவும் செய்ய வேணாம், சும்மா உட்காருங்க" என்பார்கள். ரொம்ப மரியாதையாக. நாற்காலி போட்டுக் காற்றாடி போட்டுவிடுவார்கள். அடுக்களைக்குள் போகாமல், ஐயர் முன்னால் போகாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பிறந்த வீட்டிலோ அவருக்காகப் பூசை வைக்கலாமே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரோடு இருபத்தொன்பது வருஷம் வாழ்ந்தவள் அவருக்காக ஒரு விளக்கு ஏற்ற இரண்டு பக்கமும் இடம் இல்லை என்பதை அந்த நாற்காலியில்தான் புரிந்துகொண்டேன்.

2016-ல் திதிக்கு முந்தின நாள், உடம்பு சரியில்லை என்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் விடியற்காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் வந்து, கரூர் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் தோப்பு இன்னும் அடர்ந்திருந்தது. யார், என்ன, எந்தப் பங்கு என்று யாரும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். கூடத்தில் தரையில் உட்காரவைத்துப் போட்டார்கள். சாப்பிட்டதும் எல்லோரும் காய் நறுக்க உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு கத்தி கிடைத்தது. எனக்கு இந்தப் பக்கம் ஜெர்மன்காரப் பெண் ஒருத்தி, அந்தப் பக்கம் வயசான துறவி ஒருவர், நடுவில் நான் புடலங்காயோடு. அந்தப் பெண்ணுக்குப் புடலங்காய்க்கு விதை எடுக்கத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் வேலை எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது!

மத்தியானம் ஜெபத்துக்கு மணி அடித்தது. அங்கே ஒரு வழக்கம். காலை ஜெபத்தில் சந்தனம் கொடுப்பார்கள். கடவுளின் அருள் வாசனை மாதிரி பரவ வேண்டும் என்று. மத்தியானம் குங்குமம், புருவ மத்தியில், அகக்கண்ணுக்கு. சாயங்காலம் விபூதி, அழுக்கெல்லாம் எரிந்து மிஞ்சிய சாம்பல். எனக்கு இது அப்போது தெரியாது. சங்கீதம் வாசித்தார்கள், ஏதோ சமஸ்கிருத சுலோகம் சொன்னார்கள், ஆரத்தி எடுத்தார்கள். பிறகு குங்குமத் தட்டு வரிசையில் வந்தது.

என்னிடம் வந்ததும் கை எழவில்லை. "நான் விடோ" என்று மெதுவாகச் சொன்னேன், இங்கிலீஷில்தான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. தட்டைப் பிடித்திருந்தவருக்குக் காதில் விழுந்ததா, விழுந்தும் பொருட்படுத்தவில்லையா, இன்று வரை தெரியாது. தட்டை எடுக்காமல் அப்படியே நின்றார். பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருக்கிறார்கள். விரலால் தொட்டு வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று கணக்கில்லை. அந்த ஜெர்மன்காரப் பெண் பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஆற்றில் இறங்கினேன். முட்டியளவு தண்ணீர். இந்தத் தண்ணீர்தான் முக்கொம்பு போய், அங்கே கொள்ளிடத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சம் அம்மா மண்டபத்துப் படியைத் தொடுகிறது. அவர் கரைந்த இடத்துக்கு மேலே நிற்கிறேன். மனசுக்குள் என்ன ஜெபம் சொன்னேன் என்று கேட்டால் அப்பா சொல்லிக்கொடுத்த மரித்தோர் மன்றாட்டுதான். அதைத் தவிர எனக்கு வேறு தெரியாது.

அதிலிருந்து அடிக்கடி போக ஆரம்பித்தேன். நன்மை மட்டும் வாங்கவில்லை. சார் போனபிறகு சட்டப்படித் தடை இல்லை, பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும். ஆனால் பாவம் என்று எதைச் சொல்வது? என் கல்யாணத்தைப் பாவம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லித்தான் நன்மை வாங்க வேண்டுமென்றால் வேண்டாம் என்றே இரண்டு வருஷம் இருந்தேன்.

2018 ஆகஸ்ட் கடைசி. முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போயிருந்த சமயம். எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரமத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு வயசான குரு, தென்மாவட்டத்துக்காரர், என்னிடமும் அணை பற்றித்தான் பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய், முப்பத்து மூன்று வருஷமாக நன்மை வாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "கல்யாணத்தைப் பாவம்னு சொல்லமாட்டேன் சாமி" என்றேன், சண்டைக்குப் போகிற குரலில். அவர், "நான் அதைக் கேட்கலையேம்மா. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார். வேறு நிறைய இருந்தது. பிள்ளைகளை ஸ்கேலால் அடித்ததிலிருந்து ஆரம்பித்தேன் (யார் யார் என்று உங்களுக்கே தெரியும்). முடித்ததும், "உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டார். மறுநாள் பூசையில் மரித்தோருக்காக மன்றாடும் இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு தமிழாசிரியரின் சுத்தமான சைவப் பெயர் கிறிஸ்தவப் பூசையில் ஒலித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து போய் நன்மை வாங்கினேன்.

இப்போது என் தம்பி. அவனைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பாதிதான். வங்கியில் வேலை பார்த்தவன், தொழிற்சங்கக்காரன், படித்தவன். ஒரு தடவை கூட வந்தான். சமஸ்கிருத மந்திரம் ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். ஆற்றங்கரையில் எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை.

"நம்ம தாத்தன் கேட்கக்கூடாதுன்னு வச்ச மொழியில நமக்கே பூசையாக்கா? அப்பா லத்தீன் புரியாம சொன்னார். இப்ப நீ சமஸ்கிருதம் புரியாம கேட்கிற. தமிழ் எப்ப வரும்?" என்றான். தமிழும் சொல்கிறார்கள், பஜனை தமிழில்தான் என்றேன். அவன் விடவில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்ததையும், பிற்பாடு நம் ஆட்களுக்கென்று பண்டாரசுவாமிகள் என்று தனிக் குருக்களை வைத்ததையும் எடுத்துவிட்டான். "சபை உள்ளூர்மயம் ஆகணும்னு சொல்லும்போதெல்லாம் உள்ளூர்ல மேல இருக்கிறவனைத்தான் பார்த்துக் காப்பியடிக்கும்" என்றான். பிறகு இன்னொன்று. "இந்த ஆசிரமம் தொடங்கின அதே 1950-லதான், ஆகஸ்ட்ல, கிறிஸ்தவன் பட்டியல் சாதி இல்லைன்னு ஜனாதிபதி ஆணை வந்தது. அதனாலதான் உனக்கும் எனக்கும் சான்றிதழ் வேற. அந்த வருஷம் சச்சிதானந்தம் பேசினவங்க அதைப் பேசினாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அவன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. நான் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, நம்ம ஊர்க் கோயில்ல பூசை எனக்குப் புரிஞ்ச தமிழ்லதான் நடந்தது. உட்கார இடம் இடது சிறகு. இங்க மொழி புரியலை. இடம் எங்க வேணும்னாலும் உட்காரலாம்." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் வேணும்னு கேட்கிறது பேராசையாக்கா?" என்றான். இல்லை என்றேன். இப்போதும் என்னைக் கொண்டுவந்து விடுவான். உள்ளே வரமாட்டான். ஆற்றங்கரையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்.

எதிர்ப்பக்கத்துக் கோபமும் உண்டு. கொழுந்தனார் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அண்ணி, ஓம் எங்களோடது. அதைச் சிலுவையில மாட்டுறது வேஷம். ஆள் பிடிக்கிற வேலை" என்றார். அவர் மட்டும் சொல்வதில்லை. சீதாராம் கோயல் 1988-லேயே கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டித்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார், பீட் கிரிஃபித்சும் அதில் தப்பவில்லை. கொழுந்தனாரிடம் நான் வாதாடவில்லை. காபி கொடுத்தேன். "தம்பி, பிறந்தபோதே பிடிபட்ட ஆள் நான். என்னை யார் புதுசா பிடிக்கப் போறாங்க?" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேள்வி சிரித்து முடிக்கிற கேள்வி இல்லை என்பது எனக்கும் தெரியும். தன் வீட்டுச் சாமான் பக்கத்து வீட்டு அலமாரியில் இருந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். துறவிகள் கொஞ்சம் பேர்தான். நான் போகிற நாட்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். பெண்கள் பூசை வைக்க முடியாது. கத்தோலிக்க சபை முழுக்க அப்படித்தான், ஆசிரமம் மட்டும் என்ன செய்யும்? சி.எஸ்.ஐ. சபையில் 2013-லேயே புஷ்பலலிதா அம்மையார் நந்தியாலுக்குப் பேராயர் ஆகிவிட்டார். நாம் இன்னும் பூ கட்டிக்கொண்டிருக்கிறோம். என் காலத்தில் பார்ப்பேனா தெரியாது.

எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குப் பெரிய தத்துவக் காரணம் ஏதும் இல்லை. அத்வைதம் திரித்துவம் எல்லாம் அந்தப் பெரியவர்கள் எழுதிய புத்தகங்களில் இருக்கிறது, படித்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் தாண்ட முடியவில்லை. இங்கே என்னை ஜெயமேரி என்று கூப்பிடுகிறார்கள். சாரின் பெயரையும் சொல்கிறார்கள். இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் வருகிறது.

ஆகவே, 1997 பேட்ச் தம்பி, நான் மதம் மாறவில்லை. பிறந்ததிலிருந்து கிறிஸ்தவச்சிதான். உன்னிடம் சொல்லாமல் இருந்தது என் பயம். நீங்கள் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. செருப்புக்குக் காவல் இருந்த முட்டி வலியும் பொய். இப்போது நிஜமாகவே வந்துவிட்டது!

கண்ணு, லால்குடி மகளே, பொட்டு வைத்ததற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லாதே. உன் தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீ கேட்டிருந்தாய். எனக்கும் தெரியவில்லை. அவர் என்னோடு கடைசி வரை பேசவில்லை.

இந்த அக்டோபரில் சாரின் நினைவு நாளுக்குப் போகிறேன். கொழுந்தனாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பூசைக்கு இல்லை, ஆற்றில் குளிக்க. தம்பியோடு கரையில் உட்காரட்டும், இரண்டு பேரும் சண்டை போட ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். உங்களில் யாராவது வருவதானால் காலை ஆறு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருங்கள். கரூர் பஸ், தண்ணீர்ப்பள்ளி என்று டிக்கெட் கேளுங்கள். காய் நறுக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஜெயமேரி
(உங்கள் ஜெயா டீச்சர்)